பற்றறி முடிந்தால் அழைக்கவும்

என் மேசை லாச்சியில் ஒரு சின்ன மின்கலம், எங்கள் பேச்சில் பற்றறி, கிடக்கிறது. பத்து ரூபாய் நாணயக் குத்தி அளவில் வட்டமானது, குத்தியைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதைப் பிளாஸ்ரர்த் துண்டு ஒன்றில் சுற்றி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். லாச்சியை இழுக்கிறபோதெல்லாம் அந்தக் கூடு சறுக்கிக்கொண்டு முன்னுக்கு வரும். "உந்தப் பற்றறியை எறிஞ்சு துலையுங்கோவன், இல்லாட்டிக் கொண்டுபோய்க் குடுக்கிற ஆளிட்டைக் குடுங்கோவன்" என்று என் மனைவி பல தடவை சொல்லிவிட்டாள். நான் இரண்டையும் செய்யவில்லை. அது ஒரு மனிதருடைய நெஞ்சில் இருபத்தொன்பது நாள் இருந்த பற்றறி. அந்த மனிதர் இல்லை. அதைக் கேட்டு வந்த பெண்மணி இன்றைக்குக் கலாநிதி. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நல்லபடியாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

அவரை நான் மிஸ் என்று கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணை என்றார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். சொந்த ஊர் இணுவில். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு, ஆராய்ச்சிக்காக இங்கே வந்து, தகப்பன் வீட்டின் முன் அறையை ஆய்வுகூடம் ஆக்கியிருந்தார். அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று முதல் நாளே எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இதயம் பலவீனமானவர்களின் நெஞ்சில் தீப்பெட்டியிலும் சின்னதான ஒரு பெட்டியை ஒட்டிவிடுவது. அது நெஞ்சு அடிப்பதையும் மூச்சு வாங்குவதையும் ஆள் அசைவதையும் எண்ணி, கம்பியில்லாமல் சுவரில் மாட்டிய இன்னொரு பெட்டிக்கு அனுப்பும். சுவர்ப்பெட்டி அதை இணுவிலில் இருக்கும் மிஸ்ஸின் கணினிக்கு அனுப்பும். இப்படியான பெட்டிகள் உலகத்தில் முன்னமே இருக்கின்றனவாம். சிக்கல் என்னவென்றால், பற்றறி இரண்டு மூன்று நாளில் முடிந்துபோகும். மிஸ்ஸின் ஆராய்ச்சி அந்தப் பற்றறியைப் பற்றியது. பெட்டி எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எதை அனுப்ப வேண்டும், எதை அனுப்பாமல் விடலாம் என்று அதற்குப் பழக்கி, ஒரு பற்றறியில் எத்தனை நாள் ஓட்டலாம் என்று காட்டுவதுதான் அவருடைய பட்டம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனால் பற்றறியின் அருமை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த போர்க்காலத்தில் வளர்ந்தவன் நான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட வீடு எங்களுடையது. தீர்ந்துபோன பற்றறியை வெயிலில் காயவைத்து, கடைசிச் சொட்டையும் பிழிந்திருக்கிறோம். ஆகவே, ஒரு படித்த பெண் பற்றறியை மிச்சப்படுத்தவென்றே இத்தனை வருசம் படிக்கிறார் என்று கேட்டபோது, என்னுடைய ஆட்களில் ஒருவரைக் கண்டதுபோல இருந்தது. அதற்கு முன் நான் ஒரு பேக்கரிக்கு மோட்டார் சைக்கிளில் பாண் விற்றேன். கூவி விற்க எனக்கு வாய் வராது. பெட்டியில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பாட்டுப் போடும், சனம் வரும், நான் பாணைக் கொடுப்பேன். பேக்கரி பூட்டுப்பட்டபின் சும்மா இருந்தேன். "வீட்டுக்கு வீடு போகத் தெரிஞ்ச ஆள் வேணும், கனக்கக் கதைக்காத ஆள் வேணும்" என்று மிஸ் யாரிடமோ சொல்லியிருக்கிறார். உரும்பிராயில் இருந்த என்னைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

எட்டு வீடுகள். இணுவிலில் தொடங்கி வல்வெட்டித்துறை வரை. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பழைய பற்றறியைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். கழற்றியதை முள் மீற்றரில் வைத்து, எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எழுத வேண்டும். எழுதுவதற்கு மிஸ் தமிழில் படிவம் அச்சடித்துத் தந்தார். வீட்டு இலக்கம், நாள், நேரம், பற்றறி, கடைசியில் 'வேறு' என்று ஒரு கட்டம். சுவர்ப்பெட்டியில் ஒரு விளக்கு இருந்தது. பற்றறி நன்றாக இருந்தால் பச்சை, முடியப்போனால் சிவப்பு. அதன் கீழே ஒரு துண்டு ஒட்டியிருந்தது: 'பற்றறி முடிந்தால் அழைக்கவும்.' அதிலிருந்த தொலைபேசி எண் என்னுடையது.

எட்டுப் பேரில் ஐந்தாம் இலக்கம் வல்வெட்டித்துறையில் இருந்தார். ஊர் அவரைத் தண்டையல் என்றது. பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல் அவருடைய தகப்பன். மகன் ஓட்டியது மீன்பிடி வள்ளம்தான். ஆனாலும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. எழுபத்தெட்டு வயது. மனைவி இல்லை. மகன்மார் இருவரும் கனடாவில். அயலில் பாதிப் பேரோடு வேலிச் சண்டை, மீதிப் பேரோடு கதை பேச்சில்லை. கடற்கரை ஒழுங்கையில் ஒரு கல்வீட்டில் தானே சமைத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் முதல் நாள் போனபோது பெயர் கேட்டார், நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல எனக்குக் கூச்சம். அதோடு என் பெயர் 'பற்றறி' ஆகிவிட்டது.

"வந்திட்டியோ பற்றறி? உன்ரை பெட்டிக்குத் தீன் போட வந்தனி, எனக்கு ஒரு சுருட்டுத் துண்டு கொண்டுவரேல்லையே?"

"டொக்டர் கூடாதெண்டவர் ஐயா."

"டொக்டர் உன்னையோ என்னையோ சொன்னவர்? எடேய், உனக்கு வாயை வைச்ச கடவுள் திறப்பைக் குடுக்க மறந்திட்டார். இரு, தேத்தண்ணி போடுறன். ரெண்டு நாளாய் மனிசர் முகம் காணேல்லை. உன்ரையும் கிட்டத்தட்ட மனிசர் முகம்தான்."

பற்றறி மாற்ற ஐந்து நிமிடம் போதும். தண்டையல் வீட்டில் எனக்கு ஒரு மணித்தியாலம் போகும். பனங்கட்டித் துண்டோடு வெறும் தேத்தண்ணி தருவார். பிறகு மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாக் கதையையும் என் தலையில் கொட்டுவார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டு அதிகம். ஆனால் நான் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் நாற்காலியை எனக்காக இழுத்துப் போடுகிற சத்தமும் உள்ளே கேட்கும். நான் வரும் நாளை அவர் சுவரில் கரித்துண்டால் கீறி எண்ணிக்கொண்டிருந்தார் என்பதைக் கன நாளைக்குப் பிறகுதான் கண்டேன்.

ஒரு முறை போனபோது நாற்காலி இழுபடவில்லை. அவர் அதிலேயே இருந்தார். இரவெல்லாம் அதிலேதான் இருந்திருக்கிறார். படுத்தால் மூச்சு எடுக்க முடியவில்லையாம். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி. விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. செருப்புக்குள் பாதம் போகவில்லை. பற்றறியை மாற்றினேன். பிறகு ஒழுங்கை வாசலில் ஓட்டோ ஒன்றை மறித்து, அவர் திட்டத் திட்ட ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நான் ஒரு பெரிய மனிதரிடம் கேளாமல் நானாகச் செய்த காரியங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அது ஒன்று. டொக்டர் நீர் போகிற குளிசையைக் கூட்டிக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம்" என்றார். அடுத்த முறை நான் போனபோது கால் வற்றியிருந்தது. நாற்காலியும் இழுபட்டது.

அன்றைய படிவத்தில் 'வேறு' என்ற கட்டத்துக்குள் என் கோணல் எழுத்தில் 'கால் வீக்கம், படுக்கேலாது, கிளினிக் கூட்டிக்கொண்டு போனேன்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் நான் கண்டதை எழுதத் தொடங்கினேன். சாப்பாடு குறைவு, முகம் வெளிறல், இன்றைக்குப் படலைவரை நடந்தார், இப்படி. மிஸ் ஒரு நாள் படிவங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். கேலி செய்யவில்லை. அன்பாகத்தான் சிரித்தார்.

"அண்ணை, கால் வீக்கம் எண்டு எழுதியிருக்கிறியள். இதுக்கு நான் என்ன அலகு போடுறது?"

நான் படிவங்களை வாங்கி ஓரம் பார்த்து அடுக்கினேன்.

"நீங்கள் பற்றறியைப் பாருங்கோ அண்ணை. ஆளைப் பெட்டி பார்க்கும்."

இந்த வசனத்தை நான் மறக்கவே மாட்டேன். மறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நானே எட்டு வீட்டிலும் போய்த் திருப்பிச் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ, பெட்டி பார்க்கும்." ஆங்கிலத்தில் இருந்த கடதாசியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியபோது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மிஸ்ஸைக் கேட்கவில்லை. படித்தவர்கள் நீட்டினால் எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள். பெட்டி அனுப்பும் எண்களை அன்றன்று ஒருவரும் இருந்து பார்ப்பதில்லை, எல்லாம் முடிந்தபின் சேர்த்துக் கணக்குப் போடுவதற்குத்தான் அவை என்று அந்தக் கடதாசியில் தெளிவாக இருந்ததாம். இதை நான் அறிந்தது அந்த மனிதரை எரித்த பிறகு.

நான் எழுதிய குறிப்புகளில் ஒன்றே ஒன்று மிஸ்ஸுக்குப் பிடித்தது. தண்டையல் குளிக்கப் போகும்போது பெட்டியைக் கழற்றி யன்னல் விளிம்பில் வைப்பார், திருப்பிப் போட மறந்துவிடுவார். ஒருநாள் மத்தியானம் முழுக்க அது யன்னலில் கிடந்து சும்மா சுவர்ப்பெட்டியைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. 'கழற்றி வைக்கும் நேரம் பற்றறி வீண்' என்று எழுதினேன். மிஸ் அதை வாசித்துவிட்டு எழுந்து நின்றார். "அண்ணை, இது நல்ல விசயம்! எனக்கு இது யோசனையிலை வரவேயில்லை!" அன்றே கணினிக்கு முன் இருந்துவிட்டார். நெஞ்சடிப்பும் இல்லை, மூச்சும் இல்லை, அசைவும் இல்லை என்றால் ஆள் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பெட்டி தூங்க வேண்டும். இப்படிப் பழக்கினார். மற்ற மாற்றங்களோடு இதுவும் சேர, பற்றறி முதலில் பத்து நாளும் பிறகு இருபது நாளும் ஓடத் தொடங்கியது. என்னை இருத்தி, தாயாரைக் கொண்டு பாயாசம் காய்ச்சித் தந்தார். நான் இரண்டு கோப்பை குடித்தேன். அந்தப் பாயாசத்தின் ஏலக்காய் வாசம் இப்போதும் என் தொண்டையில் நிற்கிறது.

இருபது நாளுக்கு ஒருமுறை போனபோது தண்டையலிடம் கதை சேர்ந்து நிரம்பி வழிந்தது. திட்டும் கூடிவிட்டது. மிஸ் கனடாவில் இருந்த மகன்மாருக்குத் தொலைபேசியில் பார்க்கும்படி ஒரு வசதி செய்து கொடுத்திருந்தார். சுவரில் தெரியும் அதே பச்சை விளக்கு அவர்களுடைய தொலைபேசியிலும் தெரியும். அது பற்றறியின் விளக்கு. ஆனால் மகன்மார் அதைத் தகப்பனின் விளக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"மூத்தவன் முந்தி ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான்" என்றார் தண்டையல். "இப்ப எடுக்கிறேல்லை. ஏன்ரா எண்டு கேட்டால், 'அப்பா, பச்சையாய்த்தானே இருக்கிறியள்' எண்டுறான். நானென்ன வெண்டிக்காயே?"

நான் சிரித்துவிட்டேன். நான் சத்தமாகச் சிரித்து அவர் கண்டது அன்றுதான். அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இருமல் வந்தது. 'அது பற்றறியின் விளக்கு, நீங்கள் எப்படி என்று அதற்குத் தெரியாது' என்று மகனுக்குச் சொல்லுங்கள் என நான் சொல்லியிருக்க வேண்டும். மிஸ்ஸிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கடைசிப் பரிசோதனை நாற்பது நாள். எட்டு வீட்டிலும் ஒரே நாளில் புதிய பற்றறி போட்டு, நாற்பது நாளும் தொடாமல் விட வேண்டும். மிஸ் ஒவ்வொரு பற்றறியிலும் தன் கையால் இலக்கம் எழுதித் தந்தார். அந்த நாட்களில் நான் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. "நீங்கள் போனால் ஆள் எழும்புவார், கதைப்பார், நெஞ்சடிப்பு மாறும், பெட்டி முழிக்கும். கணக்குப் பிழைச்சிடும் அண்ணை. இது ஆளில்லாமல் ஓடுறதெண்டு காட்டவேணும். அதுதான் முழு விசயமும்." நான் சரி என்றேன். தண்டையலிடம் போய், இனி நாற்பது நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னபோது அவர் ஒன்றும் திட்டவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்து, "நாப்பது கீறல் கீற இடம் காணாது" என்றார். படலைவரை வந்து நின்றார். நான் திரும்பிப் பார்த்தபோது, "போடா, பெட்டி பாக்கும்" என்றார்.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் என் தொலைபேசி அடித்தது.

"டேய் பற்றறி, லைற் சிவப்பாய்க் கிடக்கு. வா."

"எப்பவிருந்து ஐயா?"

"காலமையிலை இருந்து. முடிஞ்சால் கூப்பிடச் சொல்லித்தானே... ஒட்டிக் கிடக்கு. கூப்பிட்டிட்டன்."

சொல்லுக்குச் சொல் இடையில் மூச்சு இழுபட்டது. எனக்கு அது கேட்டது. கேட்டது என்பதைத் திரும்ப எழுதுகிறேன். மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கணினியில் பார்த்தார். தட்டுகிற சத்தம் கேட்டது.

"இல்லை அண்ணை, நல்ல பச்சை. கால்வாசிக்கு மேலை கிடக்கு. ஐயா பகிடி விடுறார். இருபத்தாறு நாள் வந்திட்டம், இப்ப போய்க் குழப்பிப்போடாதேங்கோ, என்ன?"

'மூச்சு இளைக்குது மிஸ்' என்ற மூன்று சொல் என் வாய்க்குள் இருந்தது. அதற்கு என்ன அலகு என்று அவர் கேட்பாரோ என்று கூச்சப்பட்டேனோ, படித்தவர் கணினியில் பார்த்துச் சொல்லும்போது காதால் கேட்ட நான் என்ன சொல்வது என்று நினைத்தேனோ, தெரியாது. "சரி மிஸ்" என்றேன். பிறகு தண்டையலைத் திருப்பி எடுத்தேன்.

"ஐயா, மிஸ் பாத்தவா. பச்சையாம்."

 கடல் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓமடாப்பா" என்றார். "பச்சைதான். சும்மா பகிடிக்கு. வை."

எனக்கு எழுபத்தெட்டு வயதாகி, தனியே மூச்சு முட்டிக்கொண்டிருந்தால், ஒருவரைக் கூப்பிட என்ன சொல்வேன்? எனக்கு ஏலாது, வா என்று சொல்வேனா? தண்டையல் சொல்ல மாட்டார். அவருக்கு உதவி கேட்டுப் பழக்கமில்லை. பற்றறி முடிந்தால் அழைக்கலாம் என்று மட்டும்தான் அந்த வீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. ஆகவே அவர் பற்றறி முடிந்தது என்றார். அந்த முரட்டு மனிதர் சொன்ன ஒரே ஒரு பொய்யையும் கணினியில் பார்த்துப் பிடித்துவிட்டோம்.

இருபத்தொன்பதாம் நாள் காலை அயல்வீட்டு அம்மா எடுத்தார். அவருக்கும் தண்டையலுக்கும் வேலிச் சண்டை. தண்டையல் வீட்டு வானொலி விடிய விடிய நிற்காமல் பாடுவதால் ஏசுவதற்குப் போனாராம். போனவர் சுவரிலிருந்த எண்ணைப் பார்த்து எனக்கு எடுத்திருக்கிறார். "தம்பி, நீர்தானே பற்றறி? கெதியா வாரும்." வழியில் வல்லை வெளிக் காற்று என் மோட்டார் சைக்கிளைத் தள்ளத் தள்ள ஓடினேன். அவர் நாற்காலியில் இருந்தார். கால் இரண்டும் பழையபடி வீங்கி, தோல் மினுங்கியது. உயிர் முதல் நாளே போயிருக்க வேண்டும் என்று வந்திருந்த டொக்டர் சொன்னார். சுவரில் இருபத்தேழு கீறல். இடம் காணாமல் கடைசிக் கீறல்கள் யன்னல் சட்டத்துக்கு மேலே ஏறியிருந்தன. சுவர்ப்பெட்டியில் விளக்கு பச்சையாக இருந்தது.

நெஞ்சடிப்பு நின்றபோது பெட்டி என்ன செய்தது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆள் குளிக்கப் போய்விட்டார் என்று நினைத்து அது தூங்கிவிட்டது. பற்றறியை மிச்சப்படுத்தியது. அப்படிப் பழக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். கனடாவில் மூத்த மகன் அன்று காலையும் தொலைபேசியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

செத்தவீட்டுக்கு மிஸ் வந்தார். வெள்ளைச் சேலை. பந்தலின் ஓரத்தில் நின்று அழுதார். அது கள்ளக் கண்ணீர் இல்லை. என்னைக் கண்டு கிட்ட வந்து, "பத்து நாளாய் மூச்சு எண்ணிக்கை கூடிக்கொண்டு வந்திருக்கு அண்ணை. எல்லாம் கணினியிலை கிடக்கு. நான் அதைத் திறந்தே பார்க்கேல்லை. பற்றறிப் பக்கத்தை மட்டும்தான் பாத்தனான்" என்றார். அந்த நேரம் எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். மூக்கைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணை, அந்தப் பற்றறி பத்திரமோ?" என்று கேட்டார்.

பறை அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கேட்டார். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க வேண்டுமாம். எட்டில் ஏழு நாற்பது நாள் ஓடும், இது இருபத்தொன்பதில் நின்றாலும் மிச்சத்தை அளந்தால் கணக்கு வருமாம். பற்றறி அப்போது என் சட்டைப் பைக்குள் இருந்தது. காலையில் நான்தான் அவருடைய நெஞ்சிலிருந்து பெட்டியைக் கழற்றினேன், தோலில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரோடு. பெட்டியை எடுத்து மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். "பற்றறி எங்கையோ விழுந்திட்டுது மிஸ்" என்றேன். மிஸ்ஸின் முகம் அதுவரை நான் காணாத மாதிரி ஆனது. "என்ன அண்ணை நீங்கள்? அது எவ்வளவு முக்கியமெண்டு தெரியுமோ?" அவர் என்னை ஏசியது அந்த ஒருமுறைதான்.

ஒன்றரை வருசத்தில் பட்டம் கிடைத்தது. இணுவிலில் ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். மிஸ் எனக்கு ஆராய்ச்சிப் புத்தகத்தின் ஒரு பிரதியைத் தந்தார். நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருப்பதாகக் காட்டினார். இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் பத்தாம் வகுப்புவரை படித்தவள், அகராதியும் கையுமாக நாலைந்து நாள் இருந்தாள். என் பெயரைப் பார்த்தபிறகு எனக்குத் தேவைப்பட்டது ஐந்தாம் இலக்கம். தேடிப் பிடித்தாள். ஒரு அட்டவணை. எட்டு வரி. ஏழு வரியில் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஐந்தாம் வரியில் ஒரு சின்னக் கோடு. கீழே அடிக்குறிப்பு: இந்தப் பங்குபற்றுனர் பரிசோதனை முடியமுன் விலகிவிட்டார்.

"வேறை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. கோடு மட்டும்தான்."

எனக்கு எதில் கோபம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மிஸ் கெட்டவர் அல்ல. அவர் என்னை ஒருநாளும் குறைவாக நடத்தவில்லை. பெட்டிதான் தண்டையலைக் கொன்றது என்றும் நான் சொல்லவில்லை. அவருடைய இதயம் முன்னமே பழுது. மூன்று நாளில் முடிந்துபோகிற ஒரு நாசமாய்ப்போன பற்றறி இருந்தது. அது முடிந்தபடியால் ஒரு ஆள் அந்தப் படலையைத் திறந்தான், காலைப் பார்த்தான், தேத்தண்ணி குடித்தான். ஒருமுறை கிளினிக்குக்கும் கொண்டுபோனான். அந்த ஆள் வரத் தேவையில்லாமல் செய்தது பெரிய வெற்றி என்று ஒரு புத்தகம் எழுதி, அதற்குப் பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். ஆள் வருவது நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று, மிஸ் உட்பட, பட்டம் கொடுத்த பெரியவர்கள் உட்பட, ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். என்மீது உள்ள கோபத்தையும் மிஸ்மீது உள்ள கோபத்தையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

போன கிழமை மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கை நிறையப் பழங்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய உதவி கிடைத்திருக்கிறதாம்.

"இந்தமுறை முந்நூறு வீடு அண்ணை. ஒருக்கா ஒட்டினால் ஒரு வருசம் ஓடும். நீங்கள்தான் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் வருசத்திலை ஒரு நாள் போனால் காணும்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்:

"மிஸ், மூண்டு நாளிலை முடியிற மாதிரி ஒரு பற்றறி போடேலாதே?"

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, அண்ணைக்கும் பகிடி விட வந்திட்டுது!" மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் சிரிப்பு மெல்ல நின்றது.

"மூண்டு நாளைக்கு ஒருக்கா முடிஞ்சால்தான் மிஸ் ஆரும் போவினம்" என்றேன்.

எழுந்துபோய் லாச்சியை இழுத்தேன். கண்ணாடிக் கூடு முன்னுக்கு வந்தது. பிளாஸ்ரரைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அதன் முதுகில் அவருடைய கையெழுத்தில் ஐந்து என்று இருந்தது. மிஸ் தன் எழுத்தைப் பார்த்து அதை உடனே மட்டுக்கட்டினார்.

"விழுந்திட்டுதெண்டு சொன்னனீங்கள்?"

"பொய் சொன்னனான்."

அவர் முகம் சிவந்தது. பிறகு, நான் எதிர்பாராத மாதிரி, ஒரு வெளிச்சம் வந்தது. "அண்ணை, இப்பவும் பிந்தேல்லை. இதை அளந்தால் அந்தக் கோடு போட்ட இடத்தை நிரப்பலாம்" என்று கையை நீட்டினார். அந்த வெளிச்சத்தைக் கண்டதும் கையை மூடினேன்.

"தரமாட்டன் மிஸ்."

"அண்ணைக்கு என்னிலை கோவமோ?"

என்னுடைய வாழ்நாளில் இப்படியான கேள்விக்கெல்லாம் சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ஓம்" என்றேன். "கோவம்தான். அவர் விலகேல்லை மிஸ். கூப்பிட்டவர்."

மிஸ் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். பழங்களை மனைவி அயலுக்குக் கொடுத்துவிட்டாள். பின்னேரம், அந்த நாளில் மிஸ் தந்த முள் மீற்றரைத் தேடியெடுத்துத் தூசு தட்டி, பற்றறியை அதில் வைத்துப் பார்த்தேன். முள் ஒரு கணம் தயங்கி, ஏறி, கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அன்றைக்கு மிஸ் சொன்னது சரி. இதை எடுத்து அந்த நெஞ்சுப்பெட்டிக்குள் போட்டு, தண்டையலின் ஆளில்லாத வீட்டில் கொண்டுபோய் வைத்தால், இன்றைக்கும் சுவரில் பச்சை எரியும்.